கருங்கோடு சொல்வதும் சொல்லாததும்

ஆண்குறிப் புற்றுநோய் அறுவையில் எம்.ஆர்.ஐ. படம்: ஒரு திறனாய்வு

மருத்துவக் கருவிகளைப் பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகளில் எம்.ஆர்.ஐ.க்குப் பெரும்பாலும் ஒரே வருணனைதான் கிடைக்கிறது. உடலைக் கீறாமலே உள்ளே இருப்பதை அப்படியே காட்டும் கண் அது என்கிறோம், அத்துடன் நிறுத்திக்கொள்கிறோம். எந்த நோயில், எந்த வினாவுக்கு, எவ்வளவு நுட்பமாக அது விடை தருகிறது என்று கேட்பதில்லை. கடைக்காரர் ஒரு தராசு வாங்கினால்கூட அது எத்தனை கிராம் வரை பிசகாமல் காட்டும் என்று விசாரிக்கிறார். பல கோடி ரூபாய் பெறும் கருவியை மட்டும் நாம் விசாரணையின்றி ஏற்றுக்கொள்கிறோம்.

இக்கட்டுரையில் அந்த விசாரணையை ஒரே ஒரு நோயை வைத்துச் செய்து பார்ப்போம். ஆண்குறியில் வரும் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை திட்டமிடும்போது எம்.ஆர்.ஐ. படம் மருத்துவருக்கு எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை என்பதே நம் கேள்வி. மருத்துவர்களின் துறையில் இயற்பியல் ஆசிரியன் தலையிடுவதா என்று சிலர் எண்ணலாம். ஆனால் படத்தை உருவாக்குவது இயற்பியல். ஓர் அளவீட்டை எங்கே நம்பலாம், எங்கே நம்பக் கூடாது என்று சொல்வதும் இயற்பியலின் வேலைதான்.

பேசப்படாத ஒரு நோய்

2020ஆம் ஆண்டுக்கான உலக மதிப்பீட்டின்படி இந்நோய் புதிதாகக் கண்டவர்கள் ஏறத்தாழ 36,000 பேர். இறந்தவர்கள் ஏறத்தாழ 13,000 பேர். பிற புற்றுநோய்களோடு ஒப்பிட்டால் இது அரியதே. எனினும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் அரிதாக இருக்கும் இந்நோய், தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆசியா ஆகிய கண்டங்களின் சில பகுதிகளில் கூடுதலாகக் காணப்படுகிறது. இந்தியாவின் பங்கும் சிறியதன்று.

இந்நோயில் பெரும்பாலானவை தோலின் மேலடுக்குச் செல்களில் தோன்றுபவை. முன்தோல் பின்னுக்கு வராமல் இறுகியிருத்தல், அதனால் உண்டாகும் தூய்மைக் குறைவும் நாட்பட்ட அழற்சியும், புகையிலைப் பழக்கம், மனிதப் பாப்பிலோமா வைரஸ் ஆகியவை முக்கியமான காரணங்கள். ஏறத்தாழ பாதி நோயாளிகளிடம் இந்த வைரஸின் தடயம் இருக்கிறது. நோய் பெரும்பாலும் மொட்டுப் பகுதியிலோ முன்தோலிலோ சிறிய புண்ணாக, பருவாக, அல்லது தடிப்பாகத் தொடங்குகிறது. கண்ணுக்குத் தெரிகிற, விரலால் தொடக்கூடிய இடம் அது. இருந்தும் பலர் வெட்கத்தால் மாதக்கணக்கில் மறைத்துவிட்டுக் கடைசியில்தான் மருத்துவரிடம் வருகிறார்கள்.

அப்போது மருத்துவர் முன் நிற்கும் முதல் வினா, எவ்வளவு வெட்டுவது என்பது. முன்தோலை மட்டும் நீக்கினால் போதுமா? மொட்டின் மேல்தோலை உரித்தெடுத்து வேறிடத்துத் தோலை ஒட்டலாமா? மொட்டு முழுவதையும் எடுக்க வேண்டுமா? தண்டின் ஒரு பகுதியையும் சேர்த்து வெட்ட வேண்டுமா? அல்லது உறுப்பு முழுவதையுமா? குறைவாக வெட்டினால் நோய் திரும்பலாம். அதிகமாக வெட்டினால் நின்றுகொண்டு சிறுநீர் கழிக்கும் ஆற்றல், இல்லற வாழ்வு, தன்மதிப்பு எல்லாம் சேர்ந்தே போகும். சில சென்டிமீட்டர் நீளமே உள்ள உறுப்பில் ஒரு சென்டிமீட்டர் என்பது சிறிய தொகை அன்று. எம்.ஆர்.ஐ. படத்தை நாம் எடைபோட வேண்டியது இந்த வினாவைக் கொண்டுதான்.

மூன்று தண்டுகள், ஒரு உறை

விடையைப் புரிந்துகொள்ள உறுப்பின் அமைப்பைச் சிறிது தெரிந்துகொள்வோம். அதனுள் மூன்று தண்டுகள் உள்ளன. மேற்புறத்தில் இணையாக ஓடுபவை இரண்டு. அவற்றை இணைத் தண்டுகள் என்போம். அடிப்புறத்தில் ஓடுவது மூன்றாவது. அதைப் பஞ்சுத் தண்டு என்போம். சிறுநீர்க் குழாய் இதன் நடுவே செல்கிறது. இப்பஞ்சுத் தண்டே நுனியில் விரிந்து மொட்டாகிறது. மூன்று தண்டுகளிலும் கடற்பஞ்சைப் போன்ற இரத்த அறைகள் நிறைந்துள்ளன.

இணைத் தண்டுகளைச் சுற்றி உறுதியான நாருறை ஒன்று உண்டு. மிதிவண்டியின் உட்குழாய்க்கு வெளிச்சக்கரம் எப்படியோ அப்படித்தான் இந்த உறை. உள்ளே இரத்தம் நிரம்பி அழுத்தம் கூடும்போது, தண்டு கண்டபடி வீங்காமல் தடுத்து விறைப்பைத் தருவது இதுவே. பார்ப்பதற்கு வெண்மையாக இருப்பதால் வெண்ணுறை என்று அழைப்போம். நெருக்கமாகப் பின்னிய கொல்லாஜன் நார்களால் ஆனது இது. மொட்டில் தோன்றிய கட்டி இணைத் தண்டுகளுக்குள் நுழைய வேண்டுமானால் இந்த உறையைத் துளைத்தாக வேண்டும். எனவே அறுவை மருத்துவர் தெரிந்துகொள்ள விரும்பும் செய்தியைச் சுருக்கமாக இப்படிக் கேட்கலாம்: வெண்ணுறை முழுதாக இருக்கிறதா, உடைந்துவிட்டதா?

முழுதாக இருந்தால் மொட்டை மட்டும் நீக்கி, இணைத் தண்டுகளின் முனைகளைத் தோல் ஒட்டால் மூடி, உறுப்பின் நீளத்தைப் பெரும்பாலும் காப்பாற்ற இயலும். உடைந்திருந்தால் தண்டின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ இழக்க நேரிடும்.

வெண்மை கருமையாவது எப்படி?

எம்.ஆர்.ஐ. கருவி ஒளியையோ எக்ஸ் கதிரையோ கொண்டு படம் எடுப்பதில்லை. உடலில் உள்ள நீரிலும் கொழுப்பிலும் இருக்கும் ஹைட்ரஜன் அணுக்களின் கரு, அதாவது புரோட்டான், ஒரு நுண்ணிய காந்தத்தைப் போல நடந்துகொள்கிறது. மருத்துவமனைகளில் பரவலாக உள்ள 1.5 டெஸ்லா காந்தம், பூமியின் காந்தப் புலத்தைப் போல ஏறத்தாழ 30,000 மடங்கு வலிமை உடையது. இதற்குள் உடல் வைக்கப்பட்டதும் புரோட்டான்கள் புலத்தின் திசையிலும் அதற்கு எதிர்த்திசையிலுமாகப் பிரிந்து நிற்கின்றன. இரு அணிகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு 10 லட்சத்துக்கு வெறும் 5 அளவுதான். இந்த அற்பமான மிச்சத்திலிருந்தே படம் முழுவதும் உருவாகிறது. உடலில் ஹைட்ரஜன் ஏராளமாக இருப்பதால் இது சாத்தியமாகிறது.

அந்தப் புலத்தில் புரோட்டான்கள் வினாடிக்குச் சுமார் 6.4 கோடி முறை, அதாவது ஏறத்தாழ 64 மெகா ஹெர்ட்ஸ் வேகத்தில் பம்பரம்போல் தலை சுற்றுகின்றன. அதே அதிர்வெண்ணில் ஒரு வானொலி அலையைச் சிறிது நேரம் செலுத்தினால் அவை ஆற்றலை ஏற்று, ஒரே தாளத்தில் சுற்றத் தொடங்குகின்றன. அலையை நிறுத்தியதும் தாளம் மெல்லக் கலைகிறது. கலையும்வரை அவை அனுப்பும் மெல்லிய அலையைச் சுருள் ஒன்று கேட்டுப் பதிவு செய்கிறது. தாளம் கலைய எடுக்கும் நேரம் எல்லாத் திசுவிலும் ஒன்றாக இருப்பதில்லை. தாராளமாக அசையும் நீரில் அது நீடிக்கிறது. இறுகிய நார்களின் பிடியில் உள்ள நீரில் ஒரு நொடியின் சில ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடுகிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கருவி ஒலிபரப்பை நிறுத்திச் சற்றுக் காத்திருந்துவிட்டுக் காது கொடுத்தால், இரத்த அறைகளின் புரோட்டான்கள் இன்னும் உரக்கப் பேசிக்கொண்டிருக்கும். அந்த இடம் படத்தில் வெளுப்பாகத் தோன்றும். வெண்ணுறையின் நார்களோ அதற்குள் மௌனமாகிவிட்டிருக்கும். அந்த இடம் கறுப்பாகத் தோன்றும். கண்ணுக்கு வெண்மையான உறை இப்படித்தான் படத்தில் ஒரு கருங்கோடாகிறது. இருபுறமும் வெளுத்த பஞ்சு, நடுவே கரிய கோடு. கட்டி இரண்டுக்கும் இடைப்பட்ட சாம்பல் நிறத்தில் தெரியும். சாம்பல் நிறம் கருங்கோட்டை முட்டி நிற்கிறதா, கோட்டைத் துண்டித்து அப்பால் போய்விட்டதா என்று பார்ப்பதே படத்தைப் படிக்கும் கலையின் சாரம்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். கருவிக்குப் புற்றுநோய் என்றால் என்னவென்று தெரியாது. 1971இல் அமெரிக்க மருத்துவர் ரேமண்ட் டமாடியன், எலிகளின் கட்டிகளில் புரோட்டான்கள் அடங்க எடுக்கும் நேரம் இயல்பான திசுவைவிட நீண்டது என்று கண்டு வெளியிட்டார். இந்த எண் ஒன்றே புற்றுநோயைக் காட்டிக் கொடுத்துவிடும் என்ற நம்பிக்கை அப்போது எழுந்தது. பின்னர் அழற்சி, வீக்கம் போன்றவையும் அதேபோன்ற எண்களைத் தருவது தெரிந்ததும் நம்பிக்கை தளர்ந்தது. 1973இல் பால் லாட்டர்பர் காட்டிய வழியிலும், பீட்டர் மான்ஸ்ஃபீல்டு செய்த மேம்பாடுகளாலும் எண் படமாக மாறிய பிறகே இம்முறை பயன்பட்டது. அவ்விருவருக்கும் 2003இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆண்குறிக் கட்டி படத்தில் மங்கலாகத் தெரிவதற்கும் காரணம் ஒப்பீடுதான். பக்கத்தில் இருக்கும் இரத்தப் பஞ்சு அதைவிட வெளுப்பாக இருப்பதால் இது மங்கல். படம் தருவது வேறுபாட்டை. நோயின் பெயரைத் தருவது பயாப்சி எனப்படும் திசுச் சோதனை மட்டுமே.

படத்தின் தகுதி

முதலில் படத்துக்குச் சேர வேண்டிய பாராட்டைக் கொடுத்துவிடுவோம். மென்மையான திசுக்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டுவதில் சி.டி. ஸ்கேன் இதற்கு ஈடாகாது. குறுக்கு, நெடுக்கு, பக்கவாட்டு ஆகிய எந்தத் தளத்திலும் படம் பெறலாம். நெடுக்குத் தளப் படத்தில் கட்டி தண்டின் அடியை நோக்கி எவ்வளவு தூரம் வந்திருக்கிறது, மிச்சம் எவ்வளவு நீளம் என்று அளவுகோல் வைத்துப் பார்க்கலாம். முன்தோல் இறுகி, உள்ளே உள்ள கட்டியைக் கண்ணால் காணவே முடியாத நோயாளிக்கு இது பெரிய உதவி.

நோயின் ஆழத்தை வகைப்படுத்தும் பன்னாட்டு முறையும் படத்துக்கு இணக்கமாக மாறியிருக்கிறது. 2009இல் வெளியான 7ஆம் பதிப்பு, பஞ்சுத் தண்டில் பரவிய கட்டியையும் இணைத் தண்டில் பரவிய கட்டியையும் ஒரே இரண்டாம் படியில் வைத்திருந்தது; சிறுநீர்க் குழாயைத் தொட்டால் மூன்றாம் படி. இதை நான் பெரிய குறை என்றே சொல்வேன். சிறுநீர்க் குழாய் மொட்டின் நுனியில் திறக்கிறது. ஆழமே இல்லாத கட்டியும் அதன் வாயைத் தொட்டுவிடலாம். அவ்வாறு தொட்டதற்காக அதை மேல் படிக்கு ஏற்றி, வெண்ணுறையைத் துளைத்த கட்டியைக் கீழ்ப் படியில் வைப்பது பொருந்தாது. நோயாளிகளின் ஆயுள் இந்த வரிசைக்கு ஒத்துவரவில்லை என்று ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் 2008இலேயே சுட்டிக்காட்டியிருந்தனர். 2016இல் வெளியான 8ஆம் பதிப்பில் பஞ்சுத் தண்டு இரண்டாம் படியாகவும், வெண்ணுறையும் இணைத் தண்டும் மூன்றாம் படியாகவும் பிரிக்கப்பட்டன. இப்போது இரு படிகளுக்கும் இடையே உள்ள எல்லை நாம் பார்த்த அந்தக் கருங்கோடுதான்.

முதல் குறை: கோட்டின் பருமன்

இனிக் குறைகளுக்கு வருவோம். எம்.ஆர்.ஐ. படம் சிறு சிறு பெட்டிகளால் ஆனது. ஒவ்வொரு பெட்டியும் அகலத்தில் அரை மில்லிமீட்டர் அளவிலும், கனத்தில் சுமார் 3 மில்லிமீட்டரும் இருப்பது வழக்கம். ஒரு பெட்டிக்குள் கொஞ்சம் நாரும், கொஞ்சம் இரத்தமும், கொஞ்சம் கட்டியும் இருந்தால் கருவி மூன்றையும் கலந்து ஒரே சாயலாகத் தரும். வெண்ணுறை தளர்ந்த நிலையில் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தடிமன் உடையது. அது பெட்டிகளின் வரிசைக்கு நேராக அமைந்தால் கோடு தெளிவாகத் தெரியும். சாய்வாகவோ வளைவாகவோ அமைந்தால் மங்கும். மங்கிய கோட்டைத் துண்டித்த கோடாக எண்ணிவிட்டால் காப்பாற்றியிருக்கக்கூடிய பகுதியை இழக்க நேரும்.

இதற்கு ஒரு மாற்று வழி கண்டார்கள். இரத்தக் குழாய்களை விரிக்கும் புரோஸ்டாகிளாண்டின் இ-1 என்னும் மருந்தை இணைத் தண்டுக்குள் ஊசியால் செலுத்திச் செயற்கையாக விறைப்பை உண்டாக்கி, அதன் பிறகு படம் எடுப்பது. 2004இல் இத்தாலியில் 9 நோயாளிகளிடம் இது செய்து பார்க்கப்பட்டது. உறுப்பு நேராகிறது, அசையாமல் நிற்கிறது, இரத்தம் நிறைந்து பின்னணி வெளுக்கிறது. ஆனால் ஒன்றைப் பெற்றால் மற்றொன்றைக் கொடுத்தாக வேண்டும் என்ற இயற்பியல் நியதி இங்கும் உண்டு. விறைப்பில் வெண்ணுறை நீண்டு மெலிந்து அரை மில்லிமீட்டர் அளவுக்கும் கீழே வந்துவிடுகிறது. கோடு நேராகிறது, ஆனால் மெலிகிறது. நோயாளிக்கோ வலியும் கூச்சமும். சில வேளைகளில் விறைப்பு அடங்காமல் மருத்துவம் தேவைப்படும் ஆபத்தும் உண்டு. ஆகவே எல்லோருக்கும் இதைச் செய்ய வேண்டும் என்று சொல்ல முடியாது. செய்யாமலும் பயன்தரும் படங்கள் எடுக்கிறார்கள்.

இரண்டாம் குறை: விரலை வெல்லவில்லை

கைதேர்ந்த மருத்துவரின் விரல்களை இக்கருவி வென்றுவிட்டதா? 2003இல் நெதர்லாந்துப் புற்றுநோய் நிறுவனத்தார் 33 நோயாளிகளிடம் கையால் சோதிப்பதையும், அல்ட்ராசவுண்டையும், எம்.ஆர்.ஐ.யையும் ஒப்பிட்டு வெளியிட்டார்கள். இணைத் தண்டில் நோய் நுழைந்துவிட்டது என்று கை சொன்னது 6 பேரிடம். அறுவைக்குப் பின் நுண்ணோக்கியில் பார்த்தபோது 6 பேரிடமும் அது உண்மை. எம்.ஆர்.ஐ. அவ்வாறு சொன்னது 8 பேரிடம். உண்மையானது 6 பேரிடம். அல்ட்ராசவுண்டு சொன்ன 6 பேரில் 4 பேரிடம்தான் உண்மை. எனினும் கை, நுழைந்திருந்த ஒருவரைத் தவறவிட்டது, எம்.ஆர்.ஐ. அவ்வாறு தவறவிடவில்லை.

இந்த எண்களிலிருந்து இரண்டு பாடங்கள் கற்கலாம். ஒன்று, எம்.ஆர்.ஐ. செய்யும் தவறு பெரும்பாலும் மிகைப்படுத்தும் தவறு. கட்டியைச் சுற்றியுள்ள அழற்சியும் நீர்க்கோப்பும் கட்டியின் சாயலிலேயே தோன்றி, நோய் இன்னும் ஆழமாக இருப்பதுபோல் காட்டும். இல்லை என்று அது சொன்னால் நம்பிக்கை வைக்கலாம். உண்டு என்று சொன்னால் சற்று நின்று யோசிக்க வேண்டும். படத்தை மட்டும் நம்பி வெட்டுபவர் தேவைக்கு மேல் வெட்டிவிடக்கூடும்.

இரண்டாவது பாடம் மாணவர்களுக்கு உரியது. 6க்கு 6 என்பதை 100க்கு 100 என்று எழுதிவிடலாமா? ஒரு சோதனையின் உண்மையான திறன் 100க்கு 70 மட்டுமே என்று வைத்துக்கொள்வோம். தொடர்ந்து 6 முறையும் அது சரியாகச் சொல்வதற்கான வாய்ப்பு 0.7ஐ ஆறு முறை பெருக்கினால் கிடைக்கும்: 0.118. அதாவது எட்டில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு, நடக்கக்கூடியதுதான். எனவே இந்த ஆய்வைக் காட்டிக் கை வென்றது என்று கொண்டாடுவதும் தவறு, கருவி வென்றது என்று கொண்டாடுவதும் தவறு. அரிய நோய்களில் ஆய்வுகள் 9 பேர், 33 பேர் என்ற அளவிலேயே அமைகின்றன. அவற்றிலிருந்து வரும் சதவீதங்களைப் படிக்கும்போது அவற்றின் அடியில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும்.

மூன்றாம் குறை: வெட்டும் எல்லை

கட்டியின் விளிம்பைப் படம் காட்டுகிறது என்றே வைத்துக்கொள்வோம். அந்த விளிம்பிலேயே வெட்டிவிட முடியாது. கண்ணுக்கும் படத்துக்கும் எட்டாத செல்கள் அதற்கு அப்பாலும் இருக்கலாம். ஆகவே கட்டியைத் தாண்டி 2 சென்டிமீட்டர் விட்டு வெட்ட வேண்டும் என்பது நெடுநாள் விதியாக இருந்தது.

அந்த விதியைத் தளர்த்தியது எம்.ஆர்.ஐ. என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் தளர்த்தியது நுண்ணோக்கி. அந்தப் பணியில் நமக்கு அருகிலுள்ள ஒரு நிறுவனத்துக்கும் பங்கு உண்டு. புதுச்சேரி ஜிப்மரைச் சேர்ந்த அறுவை மருத்துவர்களும் நோய்க்குறியியல் மருத்துவர்களும் 64 நோயாளிகளிடமிருந்து வெட்டியெடுத்த உறுப்புப் பகுதிகளை, கட்டியின் விளிம்பிலிருந்து படிப்படியாக நறுக்கிச் சோதித்து, கண்ணுக்குத் தெரியாத பரவல் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்தார்கள். தீவிரம் குறைந்த முதல், இரண்டாம் தரக் கட்டிகளுக்கு 10 மில்லிமீட்டரும், தீவிரமான மூன்றாம் தரத்துக்கு 15 மில்லிமீட்டரும் விட்டு வெட்டினால் போதும் என்று 2000ஆம் ஆண்டில் எழுதினார்கள். 2005இல் லண்டனில் உறுப்பைக் காக்கும் அறுவை பெற்ற 51 பேரின் அனுபவம் வெளியானது. அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு விட்ட இடைவெளி 10 மில்லிமீட்டருக்கும் குறைவு. நோய் அதே இடத்தில் திரும்பியது 100க்கு 4 என்ற அளவில்தான்.

இப்போது பல நிலையங்களில் அறுவை நடக்கும்போதே வெட்டு முகத்திலிருந்து ஒரு மெல்லிய துண்டை எடுத்து, உறையவைத்து நறுக்கி, நுண்ணோக்கியில் பார்த்து, தூய்மையாக இருந்தால் மட்டுமே மேலே தொடர்கிறார்கள். படம் எங்கே தொடங்குவது என்று சொல்கிறது. எங்கே நிறுத்துவது என்று சொல்வது நுண்ணோக்கி. நமது கட்டுரைகளில் இந்த இரண்டாம் பணியாளரின் பெயர் வருவதே இல்லை.

நான்காம் குறை: நெறிக்கட்டி

இதுவரை உறுப்பைப் பற்றிப் பேசினோம். உயிரைத் தீர்மானிப்பது வேறிடம். இந்நோய் பரவும் முதல் வழி தொடை இடுக்கில் உள்ள நிணநீர் முடிச்சுகள். பேச்சு வழக்கில் நெறி கட்டுதல் என்கிறோமே, அந்த இடம். நோய் அங்கே போயிருக்கிறதா என்பதே நோயாளி எத்தனை ஆண்டு வாழ்வார் என்பதைச் சொல்லும் மிக முக்கியமான அடையாளம்.

இங்கே எம்.ஆர்.ஐ. திணறுகிறது. முடிச்சு பருத்திருக்கிறதா, வடிவம் மாறியிருக்கிறதா என்றுதான் அது காட்டும். ஆனால் புண்ணில் சீழ்த்தொற்று இருந்தாலும் முடிச்சு பருக்கும். மறுபுறம், கைக்கு எதுவும் தட்டுப்படாத நோயாளிகளில் 100க்கு 20 முதல் 25 பேருக்கு முடிச்சுக்குள் நுண்ணிய அளவில் நோய் ஒளிந்திருக்கிறது. சில செல்கள் புகுந்த முடிச்சின் பருமன் மாறாது. எனவே படமும் மாறாது. இது கருவியின் பழுது அன்று, அளவின் எல்லை. அரை மில்லிமீட்டர் பெட்டியைக் கொண்டு அதைவிடப் பன்மடங்கு சிறியதைத் தேட முடியாது.

இந்த வினாவுக்கு வழி காட்டியவர் ரமோன் கபானாஸ் என்ற மருத்துவர். நிணநீர் முதலில் போய்ச் சேரும் காவல் முடிச்சை மட்டும் எடுத்துச் சோதிக்கலாம் என்ற கருத்தை, இதே ஆண்குறிப் புற்றுநோயை வைத்து 1977இல் வெளியிட்டார். இன்று கதிரியக்கப் பொருளையும் நீலச் சாயத்தையும் கட்டிக்கருகே செலுத்தி, அவை முதலில் சென்றடையும் முடிச்சைக் கண்டுபிடித்து எடுக்கிறார்கள். பின்னர் மார்பகப் புற்றுநோயிலும் தோல் புற்றுநோயிலும் புகழ்பெற்ற முறையும் இதுவே. இரும்பு ஆக்சைடு நுண்துகளை இரத்தத்தில் செலுத்தி, நலமான முடிச்சைப் படத்தில் கறுக்கச் செய்து, கறுக்காததைச் சந்தேகிக்கும் முயற்சியும் 2005இல் சில நோயாளிகளிடம் நடந்தது. நல்ல இயற்பியல் அது. ஆனால் அன்றாட மருத்துவமாக வேரூன்றவில்லை.

படத்தில் தொடை இடுக்குச் சுத்தமாக இருக்கிறது என்ற ஒரு வரியை நம்பி முடிச்சுச் சோதனையைத் தள்ளிப்போடும் நோயாளி, தம் உறுப்பைக் காப்பாற்றிக்கொண்டு உயிரை இழக்கக்கூடும். இந்த நோயில் எம்.ஆர்.ஐ. படத்தின் மிகப் பெரிய ஆபத்து அது தவறாகக் காட்டுவது அன்று. காட்டாததையும் காட்டிவிட்டதாக நாம் எண்ணிக்கொள்வது.

நமது தீர்ப்பு

ஐரோப்பியச் சிறுநீரியல் சங்கமும் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவச் சங்கமும் சேர்ந்து 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இவ்விஷயத்தில் நிதானமாக இருக்கிறது. முதலில் கையால் நன்றாகச் சோதிக்க வேண்டும். இணைத் தண்டில் நோய் நுழைந்திருக்கிறதா என்ற ஐயம் இருந்தால், அல்லது உறுப்பைக் காக்கும் அறுவை சாத்தியமா என்று தெளிய வேண்டியிருந்தால், எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். அது கிடைக்காத இடத்தில் அல்ட்ராசவுண்டு உதவும். எல்லா நோயாளிக்கும் படம் என்று அது சொல்லவில்லை. இதுவே சரியான நிலை என்பது என் கருத்து.

முன்தோலில் தோன்றிய சிறு புண்ணுக்குப் படம் தேவையில்லை, அதை நீக்கிவிடலாம். தண்டு முழுவதும் அழிந்துவிட்ட நோயாளிக்கு, உறுப்பைக் காக்க முடியுமா என்று அறியப் படம் தேவையில்லை. விடை கண்முன்னே இருக்கிறது. இரண்டுக்கும் இடையில், மொட்டைத் தாண்டி ஆழ்ந்திருக்கிறதோ என்று ஐயுறும் கட்டிக்குத்தான் அந்தக் கருங்கோடு மதிப்புடையதாகிறது. அவ்விடத்தில் நன்கு எடுத்த ஒரு படம், ஒருவரின் உறுப்பில் சில சென்டிமீட்டரை மீட்டுத் தரும். அதைச் சிறிய சேவை என்று யாரும் சொல்ல முடியாது. படத்துக்காக வாரக்கணக்கில் காத்திருந்து அறுவையைத் தள்ளிப்போடுவதும், படம் இருக்கிறது என்று விரலையும் நுண்ணோக்கியையும் புறக்கணிப்பதும் அந்தச் சேவையைக் கெடுப்பவை.

கடைசியாக வாசகர்களுக்கு ஒன்று. கருவி எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் நோயாளி வந்து சேர்ந்த நாளுக்குப் பிறகுதான் அது வேலை செய்யத் தொடங்குகிறது. ஆண்குறியில் ஆறாத புண், தடிப்பு, துர்நாற்றத்தோடு நீர்க்கசிவு, முன்தோலின் உள்ளே ஏதோ தட்டுப்படுதல், தொடை இடுக்கில் நெறிக்கட்டி ஆகியவற்றில் எது இரண்டு மூன்று வாரத்தில் மறையாவிட்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். முன்தோலைப் பின்னுக்குத் தள்ளி நீரால் கழுவும் பழக்கத்தைப் பையன்களுக்குத் தக்க வயதில் பெற்றோர் கற்றுக்கொடுக்க வேண்டும். சிறுநீர்க் குழாய், சிறுநீரகம் என்று கூசாமல் பாடம் நடத்துகிறோம். இதையும் அப்படியே பேசப் பழக வேண்டும். நோய் மேல்தோலில் இருக்கும்போதே வந்துவிடுகிறவருக்கு வெண்ணுறை உடைந்ததா என்ற கேள்வியே எழாது. அந்தக் கேள்வி எழாமல் செய்வது எம்.ஆர்.ஐ.யால் ஆகாத காரியம். அது நம் வீட்டிலும் வகுப்பறையிலும் நடக்க வேண்டியது.